நீ பின்னிய முதுகுப் பாகம்

இன்று காலை மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு கம்பளிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரிசாக்காரப் பெண் அலசிப் போட்டது. புருஷனும் பெண்டாட்டியுமாகத் தொழிற்பேட்டையில் ஏதோ கம்பெனிக்குப் போகிறார்கள். ஊருக்குப் போகும் நாள் நெருங்கினால் அவள் இப்படிக் கம்பளிகளை வெளியே எடுப்பாள். கார்த்திகை மழையில் எது காயும்? சொட்டுச் சொட்டாக என் வாசற்படியில் வடிந்துகொண்டிருந்தது. பால் வாங்கப் போனவள் பாத்திரத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஈரக் கம்பளியின் வாசனை, நனைந்த ஆட்டின் வாசனை. இந்த வெயில் ஊரில் அந்த வாசனை எனக்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமையைத்தான் நினைவுபடுத்தும். அதை உன்னிடம் முழுதாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் சொல்லாததற்கு என்ன காரணம் சொன்னாலும் அது சாக்குத்தான்.

உனக்காக நான் எழுதிக் கொடுத்த கடிதங்கள் எத்தனையோ. உனக்கென்று எழுதியது ஒன்றுகூட இல்லை. இதுதான் முதல்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போது கும்மிடிப்பூண்டி என்றால் ஸ்டேஷன், அதைச் சுற்றிக் கொஞ்சம் வீடு, மற்றதெல்லாம் நெல்வயல். இவர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. எங்களுக்கு ரெயில்வே வீடு. எங்கள் பின்வாசலுக்கும் உங்கள் எருமைக் கொட்டகைக்கும் நடுவே ஒரு கம்பி வேலி. உன் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டு காஷ்மீரம் பக்கம் இருந்தார். இங்கே நீயும் உன் மாமியாரும் அந்த எருமையும். நமக்கு இருவருக்கும் அப்போது இருபத்திரண்டு வயசு. குழந்தை குட்டி கிடையாது. மத்தியானப் பாசஞ்சர் போன பிறகு ஊரில் ஈ பறக்கிற சத்தம்தான் கேட்கும்.

நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தபோது நீ வேலிக்கு அந்தப் பக்கம் சாணிக்கூடையோடு நின்று என்னையே பார்த்தாய்.

"இன்னாம்மே, கொளுத்துற வெயில்ல ஆட்டு முடிய மடியில போட்டுகினு குந்திகினுகீற? பைத்தியமா உனுக்கு?"

அதுதான் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் எட்டாவது வரை படித்தவள், பள்ளியில் தையல் வகுப்பில் முதல் பெயர் வாங்கியவள். என்னைப் பார்த்துப் பைத்தியமா என்கிறாளே என்று. ஆனால் மறுநாளே நீ கையைக் கழுவிக்கொண்டு, வேலிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு குனிந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாய். முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாய். உள்ளே கண்ணாடி மணிகள். உன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நீ மணி கோக்கிறவள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நீ கோத்த கிளியைக் காட்டினாய். கட்டம் போட்ட தாள் இல்லை, எண்ணிக்கை இல்லை, மனசிலிருந்தே கோத்த கிளி. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு. நான் அதைச் சொன்னேன். "அது ஒரு கண்ணால கண்ணடிக்குதும்மே" என்றாய்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் உனக்குக் கம்பளி, நீ எனக்கு மணி. விரல் வியர்த்துக் கம்பளி ஒட்டும் என்று பக்கத்தில் ஒரு தட்டில் முகப் பவுடரைக் கொட்டி வைத்து, அதில் விரலைத் தொட்டுத் தொட்டுப் பின்னினோம். கல்கத்தா மெயில் தாண்டும்போது படி அதிரும். தாம்பாளத்தில் மணிகள் தானாக நகரும். நீ இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வாய். அப்படியும் சிதறும். ஈர விரலால் ஒற்றி எடுப்போம். பால் சொம்புக்கு வலைமூடி பின்னி, ஓரத்தில் மணி கட்டினோம். காற்றில் பறக்காமல் நிற்கும், எடுக்கும்போது கிணுகிணுவென்று சத்தம் வரும். பூனை வந்தால் அந்தச் சத்தமே நமக்குச் சொல்லிவிடும். அந்த வீட்டில் மணி இல்லாத இடமே கிடையாது. ஒரு நாள் இவர் தயிர்சாதத்திலிருந்து ஒரு நீல மணியை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டு எழுந்தார். நான் சொன்னபோது நீ படியிலேயே சாய்ந்து சிரித்தாய். இன்னொரு தரம், என் அண்ணன் குழந்தைக்கு அனுப்பிய குல்லாயின் உள்பக்கம் உன் மணி நூல் சிக்கி, பச்சை மணி ஒன்று தொங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தது. இது என்ன புது மோஸ்தரா என்று அண்ணி கேட்டு எழுதினாள். நம் மடியில் இரண்டும் ஒன்றாகக் கிடந்தால் அப்படித்தான் ஆகும். அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள். எனக்கு இருக்கும் ஒரே சமாதானம் அதுதான், அதுவும் பாதிச் சமாதானம்.

உன் பின்னல் தளர்ச்சி. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, ரயிலை வேடிக்கை பார்த்துக்கொண்டே பின்னுவாய்; கண்ணிக்குள் விரலை விடலாம். என் பின்னல் இறுக்கம். வரிக்கு வரி எண்ணுவேன், நூலை இழுத்து இழுத்து இறுக்குவேன். "இப்டி இஸ்து இஸ்துப் பின்றியே, போடறவன் மூச்சு வுட வாணாமா?" என்பாய். உன்னைத் திருத்துவது எனக்கு ஒரு சந்தோஷமாகவே ஆகிவிட்டிருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கடிதத்திலும் அதைத்தான் செய்தேன். மாதம் ஒரு முறை உன் மாமியார் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து என் கூடத்தில் உட்காருவார். சொல்வதெல்லாம் அவர்தான்.

"எழுதும்மா. எருமை கன்னு போட்டுச்சி. கொட்டாய்க்கு ஓலை மாத்தணும். எம் புள்ள ஒயுங்கா துன்றானான்னு கேளு."

நீ சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டிருப்பாய். அவர் வெற்றிலையைத் துப்பப் பின்பக்கம் போகும் அந்த ஒரு நிமிஷத்தில் என் காதருகே வந்து, "பனியில சும்மா சும்மா வண்டிக்கி அடியில பூந்து படுத்துக்க வாணாம்னு எழுதும்மே. எனுக்கு பேஜாரா கீதுன்னு எழுது" என்பாய். நான் எழுதுவேன்: "தாங்கள் தேக ஆரோக்கியத்தில் தக்க கவனம் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்." எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருக்கும். விடுமுறையில் வந்தபோது உன் வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "லெட்டர் வந்தா கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி கீது சார். எங்கூட்டுக்காரி இப்டியா பேசுவா?" அதைக்கூட நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சித்திரையில் அவர் திரும்பிப் போன பிறகு, அவருக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்ன வேண்டும் என்றாய். இவர் பட்டணத்துக்குப் போனபோது பட்டாளப் பச்சையில் கம்பளி வாங்கி வந்தார். ஒரு ஆளாகப் பின்னினால் நாளாகும் என்று பங்கு போட்டுக்கொண்டோம். முன்பக்கமும் கைகளும் நான் என்றேன், ஏனென்றால் முன்பக்கம்தான் பார்க்கிறவர் கண்ணில் படும். நீ உடனே, "முதுவு எனுக்கு. அத்த நீ தொடக் கூடாது" என்றாய். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். காது மடல் சிவந்திருந்தது. உனக்கு ஏதோ வேடிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே கம்பளி, ஒரே நம்பர் ஊசி, ஒரே எண்ணிக்கை. ஆடி பிறந்தபோது இரண்டும் முடிந்தன. கவரைப்பேட்டைக்காரர் ஒருவர், அவரோடு அதே முகாமில் இருப்பவர், லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை புறப்படுகிறார். அவரிடம் கொடுத்தனுப்பலாம் என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலை நீ முதுகுப் பாகத்தை என் கையில் கொடுத்தாய். பெரியபாளையத்தில் வேப்பிலை உடுத்திக் கோயிலைச் சுற்றுவதாக நீ நேர்ந்துகொண்டிருந்தாய். மாமியாரோடு கூண்டு வண்டியில் ஏறிக்கொண்டே, "ரெண்டையும் சேத்துத் தெச்சிடும்மே. வந்து பாக்கறேன்" என்றாய்.

விரித்துப் போட்டு ஒன்றின்மேல் ஒன்றை வைத்தேன். உன் பாகம் என் பாகத்தைவிட இரண்டு பக்கமும் நாலு நாலு விரற்கடை அதிகம். நீளமும் கூட. ஓரம் அலை அலையாக இருந்தது. சுருக்கம் கொடுத்துத் தைத்திருக்கலாம். யூனிபாரத்துக்கு உள்ளே போடுகிற சட்டை. எவன் பார்க்கப் போகிறான்? ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. அந்த முகாமில் நாலு பேர் பார்த்தால், டிக்கெட் குமாஸ்தா வீட்டம்மாள் பின்னியதா இது என்பார்களே என்று தோன்றியது. நீ தொடக் கூடாது என்றது நினைவுக்கு வந்தது. வந்தும், மேல்முடிச்சை அவிழ்த்து நுனியைப் பிடித்து இழுத்தேன்.

இழுத்தால் வந்துகொண்டே இருந்தது. உன் மூன்று மாசத்து மத்தியானங்கள் கால்மணி நேரத்தில் என் காலடியில் சுருள் சுருளாகக் கிடந்தன. நடுவில் ஒரு இடத்தில் இழை அடம் பிடித்தது, வெடுக்கென்று இழுத்தேன், ஏதோ நூல் அறுந்தது, ஒரு சிவப்பு மணி தரையில் உருண்டது. பழைய குல்லாய்க் கதைதான் என்று நினைத்தேன். எடுத்து மணி டப்பாவில் போட்டுவிட்டேன்.

பிரித்த கம்பளி சுருண்டுகொண்டு நிற்கும், அப்படியே பின்னினால் ஒழுங்காக வராது. அதைச் சிட்டமாகச் சுற்றித் தண்ணீரில் முக்கிக் கொடியில் போட்டேன். அந்த வாசனைதான் வீடெல்லாம். அது முழுதாகக் காயும் முன்பே எடுத்து, வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று பகலும் பின்னினேன். இவருக்கு மூன்று நாளும் ரசமும் அப்பளமும்தான். திங்கட்கிழமை நீ வந்தபோது சட்டையைத் தைத்து, மடித்து, பத்திரிகைத் தாளில் சுற்றிச் சணலும் கட்டிவிட்டிருந்தேன். உன் மேலெல்லாம் வேப்பிலையும் மஞ்சளும் மணத்தன. எனக்கென்று கோயில் கடையில் ஒரு பொட்டலம் மணி வாங்கி வந்திருந்தாய்.

"பிரிச்சிக் காட்டேன், ஒரு வாட்டி பாத்துக்கறேன்."

"மடிப்பு கலைஞ்சிடும். அளவு அச்சா வந்திருக்கு" என்றேன்.

நீ பொட்டலத்தை வாங்கி முதுகுப் பக்கம் எது என்று தடவிப் பார்த்துவிட்டு, "ஈரமா வாசம் வருதே?" என்றாய். வேர்வை பட்டிருந்தது, அலசினேன் என்று சொன்னேன். நீ நம்பினாய்.

அவருடைய கடிதம் ஒரு மாசம் கழித்து வந்தது. நான்தான் படித்தேன். நீ சுவரோரம், மாமியார் என் எதிரே. "சட்டை வந்து சேர்ந்தது. அளவு சரியாக இருக்கிறது. நீ சொன்ன இடத்தில் உள்ளே வெளியே இரண்டு பக்கமும் தேடினேன். இல்லை. மறந்துவிட்டாய் போலிருக்கிறது. பரவாயில்லை." அந்தப் பரவாயில்லையைப் படித்தபோதே எனக்கு டப்பாவில் போட்ட மணி நினைவுக்கு வந்தது.

"இன்னாத்தத் தேடினானாம்?" என்றார் மாமியார்.

"பெரியபாளத்து குங்குமம் மடிச்சி வெக்கறேன்னு சொல்லி அனுப்பிச்சேன் அத்தே. மறந்துட்டேன்" என்றாய். நீ பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலம் வேலியருகே வந்தாய். அவர் சித்திரையில் புறப்படும்போது நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டதை அப்போதுதான் சொன்னாய். நடு முதுகில் உள்பக்கமாக ஒரு சிவப்பு மணி கட்டி வைப்பாய். குளிரில் லாரி ஓட்டும்போது அவர் சாய்ந்தால் அது முதுகில் உறுத்தும். அது உன் விரல் என்று அவர் நினைத்துக்கொள்ள வேண்டும். இதை மாமியார் எதிரில் கடிதத்தில் எழுதச் சொல்ல முடியாது. என்னிடம் சொல்லவும் உனக்கு வெட்கம்.

"தெக்கிறப்போ மணி எதுனா கண்ணுல பட்டுச்சாம்மே?"

"இல்லையே" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். பிரித்தது அகம்பாவம், போகட்டும். மணி என்று தெரியாமல் போனது தவறுதல். ஆனால் தெரிந்த பிறகு, நீ முகத்துக்கு நேரே நின்று கேட்டபோது, இல்லையே என்றேனே, அது வேறு.

தை மாசம் அவர் லீவில் வந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் நீ அந்தச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, கையில் எடுத்துக்கொண்டு என் பின்வாசல் படிக்கு வந்தாய். உட்காரவில்லை.

"இது என் கையி இல்லம்மே."

நான் அளவைப் பற்றி ஏதேதோ சொன்னேன். ஓரம் அலையாக இருந்தது, சேராது, நல்லதுக்குத்தான் என்றெல்லாம்.

"கோணலா இருந்தா இன்னா? என் கோணல் அந்தாளுக்குத் தெரியும்" என்றாய். சட்டையை மடித்துக்கொண்டே, "நீ எழுதற லெட்டர்ல நான் இல்ல. சரி, எனுக்கு எழுத வராது. இதுலயாவது இருந்தேன்."

நான் உள்ளே ஓடி மணி டப்பாவைக் கொண்டுவந்து உன் முன்னால் கவிழ்த்தேன். அந்த ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல. சிவப்பு மணி மட்டுமே நூற்றுக்கணக்கில் இருந்தது. நீ பெரியபாளையத்திலிருந்து வாங்கி வந்ததும் சிவப்புத்தான். நான் மண்டியிட்டுக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

"வுடும்மே" என்றாய். குனிந்து வேலியைத் தாண்டிப் போய்விட்டாய்.

அப்புறம் நீ வரவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கும் நாலு வார்த்தை இருந்திருக்கும். கிணற்றடியில் பார்த்தால் சிரிப்பாய், நாஷ்டா ஆச்சா என்று கேட்பாய், அவ்வளவுதான். கடிதம் எழுதவும் உன் மாமியார் என்னிடம் வரவில்லை. என்ன ஆச்சு என்று நானே ஒரு நாள் கேட்டேன். "அவ நாத்தனா பொண்ணாண்ட அரிச்சுவடி கத்துகினாம்மா. இப்ப அவளே எழுதறா, கோயி கிண்டுனாப்புல" என்று சிரித்தார். என்னைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காக ஒருத்தி எழுத்தே கற்றுக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன். என்னைத் தவிர்க்க அல்ல, அவரோடு பேசத்தான் என்று புரியப் பல வருஷம் ஆனது.

அவருக்குப் பட்டாளத்தில் வேலை முடிந்தது, திருவள்ளூரில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது, குடும்பத்தோடு போய்விட்டீர்கள். நயா பைசா வந்த வருஷம் உன்னிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் பெரிசு. வரி மேலே ஏறிக் கீழே இறங்கியது. ஆனால் படிக்கப் படிக்க நீ என் படியில் உட்கார்ந்து பேசுவது போலவே இருந்தது.

"இன்னாம்மே, சொகமா. எனுக்குப் பொண்ணு பொறந்துகீது. குல்லா பின்னணும். தனியா குந்தி பின்ன மனசு வரல. நீ வாயேன், ஒண்ணா குந்தலாம். இஸ்து பின்னாத. கொயந்த தல."

கும்மிடிப்பூண்டியில் ஏறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறினால் திருவள்ளூர். இவருக்கு ரெயில்வே பாஸ் இருந்தது. காலையில் புறப்பட்டால் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடலாம். எனக்கு என்ன தடை? உன் முன்னால் வந்து நிற்கும் முன்பு எழுத்தில் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். அதை ஒழுங்காக எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதினேன். 'பிழை பொறுத்தருள்க' என்பதா, 'என் செயலுக்கு வருந்துகிறேன்' என்பதா என்று அடித்து அடித்து எழுதினேன். ஒன்று நாடகம் மாதிரி இருந்தது, ஒன்று கோர்ட்டு நோட்டீஸ் மாதிரியே இருந்தது. கிழித்தேன். பொங்கலுக்குள் எழுதிவிடலாம் என்று இருந்தேன். மாசிக்குள் என்று இருந்தேன்.

பங்குனியில் உன் மாமியார் பாசஞ்சரில் வந்து இறங்கினார். பழைய வீட்டை விலை பேசி விற்க வந்ததாகச் சொன்னார். என் படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகுதான், உனக்குப் பத்து நாள் ஜுரம் அடித்தது, மாசிக் கடைசியில் போய்விட்டாய் என்றார். குழந்தையை உன் அம்மா வீட்டில் வைத்திருக்கிறார்களாம். அது தலைக்குக் குல்லாய் உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை இருந்தது?

அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு என்று எவ்வளவோ பின்னிவிட்டேன். இப்போது விரல் மடங்கவில்லை, நிறுத்திவிட்டேன். நடுவில் பல தடவை உன்னைப் போலத் தளர்த்திப் பின்னிப் பார்த்தேன். நாலு வரி வரும். ஐந்தாவது வரியில் என் கை தானாக இழுத்துவிடும். தளர்ச்சியை எண்ணிப் பின்ன முடியாது என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மருமகள் சப்பாத்தி இட்டாலும் சரி, பேத்தி கோலம் போட்டாலும் சரி, கோணலைப் பார்த்ததும் கை பரபரக்கும். வாயை மூடிக்கொண்டு அப்பால் போய்விடுவேன். வீட்டில் எல்லோரும் இவளுக்கு வயசானதும் பொறுமை வந்துவிட்டது என்கிறார்கள். பொறுமையாவது ஒன்றாவது, பயம்.

உன் கார்டு என்னிடம்தான் இருக்கிறது. மை மங்கிவிட்டது, ஆனால் எனக்கு அது மனப்பாடம். இன்றைக்கு இத்தனை பக்கம் எழுதிய பிறகு தெரிகிறது, அதற்கு இவ்வளவு தேவையே இல்லை. மன்னிப்பு என்ற சொல்கூட வேண்டியதில்லை, நீ அதைக் கேட்கவே இல்லை. அன்றைக்கே ஒரு கார்டை எடுத்து, யோசிக்காமல், நாம் பேசுகிற மாதிரியே இரண்டு வரி எழுதிப் போட்டிருந்தால் போதும்.

வரேம்மே. இஸ்து பின்ன மாட்டேன்.